அடிமண்டி படிந்த போத்தல்: பழையதா, நஞ்சா?

தீபாவளிக்கு முந்தைய நாள் முன்னோருக்குப் படையல் போடும்போது, மறைந்தவர் விரும்பிக் குடித்ததையும் இலையோரம் வைப்பது நம்மில் பல வீடுகளில் உள்ள வழக்கம். செராஸில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அதற்காகத் தம் அப்பாவின் அலமாரியைக் குடைந்தபோது, பல ஆண்டுகளாக யாரும் தொடாத ஒரு பெல்ஜியம் பீர் போத்தல் அகப்பட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் மண்டி. "தம்பி, நீ சயன்ஸ் வாத்தியார்தானே? படைச்சிட்டு ஒரு வாய் குடிக்கலாமா, இல்ல விஷமாகியிருக்குமா?" என்று கேட்டார்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பீர் கெட்டுவிட்டதா என்பது ஒன்று. அது ஆளைக் கொல்லுமா என்பது வேறொன்று.

முதலில் மண்டி. நம் கடைகளில் விற்கும் பீரில் பெரும்பாலானவை வடிகட்டி, சூடுகாட்டி, ஈஸ்ட்டை நீக்கி அடைக்கப்பட்டவை. போத்தலுக்குள்ளேயே முதிரும் பீர் அப்படியல்ல. உயிருள்ள ஈஸ்ட்டையும் கொஞ்சம் சர்க்கரையையும் உள்ளே விட்டு மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கரிவளியை வெளியிடும், நுரை அதனால்தான். அடைத்து வைத்த கள் போத்தலைத் திறந்தால் சீறுவதும் இதே வேலைதான். தீனி தீர்ந்ததும் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும். ஆகவே இவ்வகைப் பீரில் மண்டி இருப்பது கெட்டதற்கு அடையாளமல்ல.

இந்த ஈஸ்ட் போத்தலில் மிஞ்சியிருக்கும் உயிர்வளியையும் உறிஞ்சிக்கொள்வதால் பீர் நெடுநாள் தாங்குகிறது. இங்கிலாந்தில் 1968இல் வெளிவந்த 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்' என்ற பீர், 25 ஆண்டுகள் தாங்கும் என்ற உறுதியோடு விற்கப்பட்டது. ஆனால் அது மதுச்சத்து மிகுந்த பீர். லேசான பீருக்கு அந்த ஆயுள் கிடையாது.

வயதைக் கண்டுபிடிக்க முதலில் சீட்டைப் பாருங்கள். பெல்ஜியம் பீர் சிலவற்றில் அடைத்த தேதியே இருக்கும். தேதி அழிந்திருந்தால் மற்றதைக் கவனிக்க வேண்டும். பார்கோடு இருந்தால் 1974க்கு முந்தியதல்ல. உலகில் முதன்முதலாகக் கடையில் பார்கோடு படிக்கப்பட்டது அந்த ஆண்டில்தான். உள்ளூர்ச் சீட்டில் 'சாப்' என்ற மலாய்ச் சொல் 'சி', 'எச்' எழுத்துகளோடு தொடங்கினால், அது பெரும்பாலும் 1972ஆம் ஆண்டின் புதிய எழுத்துமுறைக்கு முந்தியது. பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு இது நல்ல துப்பு.

அண்ணனின் போத்தலில் 2006 என்று தெளிவாகவே இருந்தது. அதைவிட முக்கியம், அது எங்கே இருந்தது என்பது. பீர்த் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 பாகை செல்சியசில் 3 நாளில் வரும் சுவைக்கேடு, 22 பாகையில் 30 நாளிலும், 3 பாகையில் 300 நாளிலும் வரும். நம் வீட்டு அலமாரியின் சூடு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குளிரில் கிடந்தால் கதையே வேறு. 1796இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட 'சிட்னி கோவ்' என்ற கப்பல், மறு ஆண்டு தாஸ்மேனியா அருகே சேதமடைந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து அதன் பீர் போத்தலிலிருந்து உயிருள்ள ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார்கள். அதைக் கொண்டு 2018இல் புதிய பீரும் காய்ச்சினார்கள்.

திறப்பதற்கு முன் போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கழுத்தில் மட்டம் வெகுவாக இறங்கியிருந்தால் மூடி கசிந்திருக்கிறது. கழுத்தின் உட்புறத்தில் வெண்வளையம் கட்டியிருந்தால் வேறு நுண்ணுயிர் புகுந்திருக்கலாம். அப்போது அழுத்தம் ஏறிப் போத்தல் வெடிக்கவும் கூடும். எனவே குலுக்காமல் நன்றாகக் குளிரவைத்து, துணியைச் சுற்றித் திறக்க வேண்டும். பிறகு மூக்குக்கு வேலை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால், உயிர்வளி பட்டுப் பழசாகிவிட்டது. சோயா சாஸ் அல்லது மார்மைட் வாடை வந்தால், ஈஸ்ட் செத்து உடைந்து தன் சாற்றைக் கலந்துவிட்டது. மார்மைட்டே பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படுவதுதான். கஞ்சியில் ருசிக்கும், பீரில் ருசிக்காது.

இவ்வளவு கெட்டாலும் பழைய பீர் நஞ்சாவதில்லை. கொதிக்கவைத்துச் செய்யப்படுவது, புளிப்புத்தன்மை, ஹாப்ஸ் பூவின் கசப்பு, மதுச்சத்து, உயிர்வளி இல்லாமை என்று இத்தனையும் சேர்ந்திருக்கும் இடத்தில் நோய்க்கிருமிகள் பெருக முடியாது. பீர் பழசானால் மெத்தனாலாக மாறிவிடும் என்று சிலர் சொல்வதும் உண்மையல்ல.

மெத்தனால் வருவது கலப்படத்தால். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அது பழைய சரக்கால் வந்த வினையல்ல. பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலைக் கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ பிரித்தறிய முடியாது. அட்டை வாடை இல்லாத, புத்தம்புதிய போத்தலிலும் அது இருக்கலாம். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகும். அதனால் மறுநாள்தான் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் தொடங்கும். பழைய போதை என்று நினைத்துப் படுத்துவிடுவதால்தான் பலருக்குத் தாமதமாகிறது. முந்திய நாள் குடித்தவருக்குக் கண் மங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றும். ஆகவே நான் பயப்படுவது அலமாரியில் கிடந்த போத்தலுக்கு அல்ல. சீட்டு கோணலாக ஒட்டி, மூடியில் நெம்பிய கீறலோடு, நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் போத்தலுக்குத்தான்.

அண்ணன் போத்தலைப் படையல் முடிந்து திறந்தார். சீறல் இல்லை, லேசாக ஒரு பெருமூச்சு மட்டும். அட்டை வாடையும் மார்மைட் வாடையும் சேர்ந்தே வந்தன. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தவர், "அப்பாவே குடிக்கட்டும்" என்று கண்ணாடிக் குவளையைத் திரும்பவும் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.