கோட்டையில் ஏறாத செங்கொடி

மாதவரம் புறநகர் பஸ் நிலையத்திலிருந்து நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் பஸ்கள் புறப்படுகின்றன. ஆரம்பாக்கம் தாண்டியதும் ராஜ்ய எல்லை வந்துவிடும். 1952-ல் அந்த எல்லை கிடையாது. நெல்லூர், குண்டூர், கிருஷ்ணா ஜில்லாக்களும், மேற்கே மலபாரும் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை. ஜார்ஜ் கோட்டையில் கம்யூனிஸ்டுகள் ஆட்சி பீடம் ஏறுவார்களோ என்ற கேள்வி பிறந்தது அந்தப் பெரிய ராஜ்யத்தில்தான்.

சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது 1923-ல். இருபத்தொன்பது வருஷங்களுக்குப் பின், வயது வந்தோர் அனைவரும் ஓட்டளித்த முதல் தேர்தலில், 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. வண்ணாரப்பேட்டை, ஜீவானந்தத்தைச் சட்டசபைக்கு அனுப்பியது. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார்!

கம்யூனிஸ்டுகள் வேறு சில கட்சியினருடன் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, ‘ஆந்திர கேசரி’ பிரகாசத்தைத் தலைவராக்கினர். தங்கள் பக்கம் 166 பேர் என்றனர். காங்கிரஸைவிடப் பதினான்கு பேர் அதிகம். பெரும்பான்மைக்கு வேண்டியதோ 188. கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேல்சபைக்கு நியமிக்கப்பட்டு ஏப்ரல் 10-ந் தேதி பதவியேற்றார். ஜூலையில் 200-க்கு 151 என்று சட்டசபையின் நம்பிக்கையையும் பெற்றுவிட்டார். இருந்தாலும், முன்னணிக்கு முதலில் ஒரு வாய்ப்புத் தந்திருக்க வேண்டும் என்று வாதிப்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை.

தந்திருந்தால்? சென்னை இன்னொரு மாஸ்கோவாகவோ பீகிங்காகவோ ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. லெனினும் மாவோவும் பிடித்தது முழு தேசத்தை. ராணுவம், நாணயம் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. இங்கே அவை டில்லியில் இருந்தன. 1952-ல் பெப்சு ராஜ்யத்தில் காங்கிரஸ் அல்லாத மந்திரிசபை ஏற்பட்டது. மறு வருஷம் மார்ச்சில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. 1957-ல் கேரளத்தில் பதவியேற்ற நம்பூதிரிபாடுக்கும் கிடைத்தது இருபத்தெட்டு மாதங்கள்தான்.

பிரகாசமும் கம்யூனிஸ்டு அல்லவே! 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திரம் பிரிந்தபோது, காங்கிரஸ் ஆதரவுடன் அதன் முதல் மந்திரியானவர் அவரேதான்.

வல்லரசு செய்த வேடிக்கை இதைவிடப் பெரிது. 1955 பிப்ரவரியில் ஆந்திரத் தேர்தல். அதற்குச் சில வாரங்களுக்கு முன் மாஸ்கோவின் ‘பிராவ்தா’ பத்திரிகை நேருவின் வெளிநாட்டுக் கொள்கையைப் புகழ்ந்து எழுதியது. அதையே காங்கிரஸ்காரர்கள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தனர். 196 ஸ்தானங்களில் கம்யூனிஸ்டுகளுக்குக் கிட்டியவை 15. அதே வருஷம் நவம்பரில் குருஷேவும் புல்கானினும் சென்னைக்கே வந்தபோது, ராஜ்யத்தை ஆண்டது காமராஜின் காங்கிரஸ் சர்க்கார்.

அந்தக் காமராஜ் வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்தது. குழந்தைகள் மீதி நேரத்தில் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும் என்றது. எதிர்ப்பு மூண்டது. ராஜாஜி விலக, 1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜ் முதல் மந்திரியானார். பள்ளிக்கூடங்களில் மதிய உணவு வந்தது அதன் பிறகு. 1952-ல் கோட்டைக்குள் நுழைந்தவர் பிரகாசமாக இருந்திருந்தால், அந்தத் திட்டமும் இல்லை, அந்த எதிர்ப்பும் இல்லை. காமராஜ் அந்த நாற்காலிக்கு எப்போது, எந்த வழியாக வந்திருப்பார்?