உங்களுக்குத் தெரியுமா? மின் நிறுவனத்தின் மௌனமும் சம்மதம்தான்!

மாடியில் 10 கிலோவாட்டுக்கு மேல் சோலார் வைக்க விண்ணப்பிக்கிறீர்கள். மின் விநியோக நிறுவனம் 15 நாளுக்குள் சாத்தியக்கூறு ஆய்வை முடிக்கவில்லையா? ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே விதி எடுத்துக்கொள்ளும். மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம் இது. முன்பு ஆய்வுக்கே 20 நாள்.

• 10 கிலோவாட் வரை அந்த ஆய்வே கிடையாது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் போதும். இரண்டு, மூன்று கிலோவாட்டில் அடங்கிவிடும் சாதாரண வீடுகளுக்கு இதுதான் உண்மையான நிம்மதி.

• 5 கிலோவாட் வரை, உங்கள் சோலாருக்காக மின்கம்பியையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலப்படுத்த வேண்டி வந்தால் செலவு நிறுவனத்தினுடையது. உங்கள் தலையில் கட்டக் கூடாது.

• பேனல் பொருத்திய பிறகு இணைப்புத் தர முன்பு 30 நாள் அவகாசம், இப்போது 15. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் யூனிட்டையும் கொடுக்கும் யூனிட்டையும் தனித்தனியே காட்டும் இருவழி மீட்டர் வரும்வரை, பணம் போட்ட பேனல் சும்மா வெயில் காயும்.

• பேட்டரி இல்லாத சோலார், தெருவில் கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் நின்றுவிடும். பழுது என்று பதற வேண்டாம். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்க இன்வெர்ட்டரே அப்படி நிறுத்துகிறது.