மோட்டாரைப் பார்க்குமுன் கிராண்டைப் பார்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தோட்டப்புறங்களில் இப்போது அந்த யானையின் பெயர் யமஹா ஆர்.எக்ஸ்.இசட். ஓடுகிற வண்டிக்கும் விலை, கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கிற வண்டிக்கும் விலை. டாங்கி தனியாக வந்தாலும் விலை, மீட்டர் தனியாக வந்தாலும் விலை!

தோட்டங்களில் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் இளைஞர்கள் நம்மைச் சூழ்ந்து கொள்வார்கள். சம்பளத்தில் தொடங்குகிற பேச்சு, கடைசியில் இந்த வண்டியில் வந்துதான் நிற்கிறது. "அண்ணே, ஒரு ஆர்.எக்ஸ்.இசட். பாத்து வச்சிருக்கேன். வாங்கலாமா?" ஒவ்வொரு தம்பிக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதிலை இன்று எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ஆசை வந்த கதை

ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அது சின்ன துரையாக இருக்கும். இல்லாவிட்டால் கிராணியாக இருக்கும். நம்மவர்களுக்கு சைக்கிள்தான். 1950-களின் கடைசியில் பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தார். அந்தச் சின்ன ஹோண்டாவுக்கு 'கப்சாய்' என்று பெயர் வந்தது. மாதத் தவணைக்குக் கிடைத்ததால் நாளடைவில் லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தது. அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை, பிரசவத்துக்குப் போகிற மனைவி என்று குடும்பத்தின் எல்லாச் சுமையையும் சுமந்த வண்டி அது.

ஆர்.எக்ஸ்.இசட். வேறு சாதி. 1980-களின் நடுவில் வந்த வண்டி. 133 சி.சி., டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கையில் கிளட்ச், முழங்காலுக்கு நடுவே டாங்கி. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். அவ்வளவு சின்ன இன்ஜினில் அத்தனை இழுவை வந்தது அதனால்தான். ஆனால் அதே இன்ஜினில் பெட்ரோலோடு 2டி எண்ணெயும் சேர்ந்து எரிகிறது, புகை வருகிறது. புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே போன காலத்தில், 2011-ல் இதன் தயாரிப்பு நின்று போனது.

நின்று போன பொருளுக்குத்தான் மவுசு அதிகம். இன்று நல்ல நிலையில் இருக்கிற ஒரு ஆர்.எக்ஸ்.இசட்.டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்பது சர்வ சாதாரணம். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற வண்டிக்கு அதைவிட எவ்வளவோ கூடக் கேட்கிறார்கள். புதிதாகக் கடையில் விற்ற காலத்து விலையை நினைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும்!

இந்த ஆசை தவறா?

"குடியிருக்கச் சொந்த வீடு இல்லே, இவனுக்குப் பழைய மோட்டார் ஒரு கேடா?" என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அந்தத் தம்பியின் பக்கம்தான் பேசுவேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயிலிலும் மழையிலும் குலை வெட்டுகிறவன், தனக்குப் பிடித்த ஒரு பொருளை வாங்கி ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்துப் பார்ப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நாம் சம்பள உயர்வு கேட்டது அரிசி பருப்புக்கு மட்டுமா? மனிதனாக வாழவும்தானே கேட்டோம்!

ஆகவே ஆசைப்படுங்கள். ஆனால் கணக்குப் போட்டு ஆசைப்படுங்கள். 2025 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி, சேமநிதிக்குப் போகிறது. வண்டி 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென் செலவழிக்காமல், பச்சைத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தாலும் ஏறக்குறைய எட்டு மாத உழைப்பு! மாதம் 300 வெள்ளி ஒதுக்க முடிந்தவருக்கு 40 மாதம், அதாவது மூன்று வருடம் நான்கு மாதம். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான். ஏமாந்தால் இன்னொன்று வாங்குவான். நாம் ஏமாந்தால் மூன்று வருடம் போச்சு.

இரவில் வாங்கிய வண்டி

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே வேலை செய்கிற ஒரு தம்பி, கைத்தொலைபேசியில் படம் பார்த்து ஒரு ஆர்.எக்ஸ்.இசட்.டுக்கு ஆசைப்பட்டார். சேர்த்து வைத்திருந்த பணம் போதவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. இரவு ஒன்பது மணிக்கு, பட்டணத்துப் பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் 9,500 வெள்ளி கை மாறியது. விற்றவன் கிராண்டின் படத்தைக் காட்டினான். "அடுத்த வாரம் பேர் மாத்திக்கலாம், தம்பி" என்றான்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பத்தாம் நாள் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் டார்ச் லைட்டை ஹேண்டில் கழுத்தில் அடித்துப் பார்த்தார். சேசி நம்பரைத் தேய்த்து, வேறு நம்பர் அடித்திருந்தது. வண்டி நிலையத்துக்குப் போனது. விற்றவனின் தொலைபேசி அன்றோடு ஊமை.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பது குற்றவியல் சட்டம் 411-வது பிரிவின்படி குற்றம். தெரியாமல்தான் வாங்கினேன் என்று அந்தத் தம்பி வாக்குமூலம் கொடுத்து வெளியே வருவதற்குள் இரண்டு நாள் வேலை போனது. வழக்கு இல்லை, ஆனால் வண்டியும் இல்லை, பணமும் இல்லை. அம்மாவின் சங்கிலிக்கு மட்டும் மாதாமாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் செய்ய மறந்தது ஒன்றே ஒன்றுதான்: பகலில், ஜே.பி.ஜே. கவுண்டருக்கு முன்னால் நின்று பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் திருட்டு நடக்கிற விதத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். உடைந்து போன, ஓடாத பழைய வண்டியின் கிராண்டை மட்டும் ஒருவன் வாங்குகிறான். பிறகு திருடிய நல்ல வண்டியில் பழைய நம்பரைத் தேய்த்து எடுத்து விட்டு, அந்தக் கிராண்டில் உள்ள நம்பரை அடிக்கிறான். கிராண்ட் உண்மை, வண்டி பொய். அதனால் கிராண்ட் கையில் இருக்கிறது என்பதோடு திருப்திப்படக் கூடாது.

வாங்குகிற முறை

முதலாவது, விற்பவரின் வீட்டுக்குப் பகலில் போங்கள். அவர் ஐ.சி.யில் உள்ள பெயரும் கிராண்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "கூட்டாளியோட வண்டி, நான்தான் வித்துத் தரேன்" என்றால், அந்தக் கூட்டாளி நேரில் வரட்டும்.

இரண்டாவது, நம்பர். சேசி நம்பர் ஹேண்டில் கழுத்தில் இருக்கும். இன்ஜின் நம்பர் இன்ஜின் உடம்பிலேயே அடித்திருக்கும். துணியால் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக கிராண்டோடு ஒப்பிடுங்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயம் இருந்தாலோ, வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, வணக்கம் சொல்லிவிட்டு வந்து விடுங்கள். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி!

மூன்றாவது, இருவரும் சேர்ந்து ஜே.பி.ஜே.க்குப் போங்கள். பழைய சமன் நிற்கிறதா, வங்கிக்கோ கடன் கம்பெனிக்கோ உரிமை பாக்கி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். தவணை முடியாத வண்டியை விற்பவருக்கு அதை விற்கும் உரிமை கிடையாது. ரோட் டெக்ஸ் பல வருடமாகச் செத்துக் கிடக்கிறது என்றால், அதை எப்படி உயிர்ப்பிப்பது என்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள்.

நான்காவது, தோட்டங்களில் அடிக்கடி நடப்பது. "அப்பா ஓட்டின வண்டி, அப்பா இறந்துட்டாரு" என்று மகன் விற்பார். மகன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இறந்தவரால் பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது. அமானா ராயா போன்ற இடத்தில் வாரிசுக் காரியத்தை முடித்து, உரிய கடிதம் எடுத்த பிறகுதான் பேச்சு. இந்த வேலையில் கூடப் பிறந்தவர்களின் சம்மதமும் வேண்டியிருக்கும். அதை அவர்கள் குடும்பமே முடித்துக் கொண்டு வரட்டும்.

ஐந்தாவதாகத்தான் இன்ஜின். நம்பிக்கையான மோட்டார் கடைக்காரர் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள். நீங்கள் போகுமுன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். கிக் அடிக்கும்போது காலுக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும்; வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டனும் வளையமும் தேய்ந்து விட்டன. அடியிலிருந்து 'கட கட' என்று தட்டினால் கோன் ராட் போகப் போகிறது. பிளாக்கை எத்தனை தடவை கடைந்திருக்கிறார்கள், இப்போது பிஸ்டன் எந்த சைஸ் என்று கேளுங்கள். கடைசி சைஸுக்கு வந்து விட்ட பிளாக்கை மறுபடியும் கடைய இடமில்லை. 2டி எண்ணெயைத் தானாக இறைக்கும் பம்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அது நின்று போனது தெரியாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பின் சக்கரம் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

சேமநிதியில் 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு ஒன்றைத் திறந்து விட்டார்கள். மாதச் சந்தாவில் நூற்றுக்குப் பத்து அதில் விழுகிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுத்து மோட்டாரில் போடாதீர்கள். வயதான காலத்தில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது கையில் இருக்கப் போவது அந்தச் சேமநிதிதான்.

ஆலோங்கிடம் போகவே போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்காரர், அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆலோங் அதை ஒரு மாதத்திலேயே கேட்பான். தராவிட்டால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் அடிப்பான். கூட்டுப் பிடிக்கிறவர்களை நம்பியும் இறங்க வேண்டாம். அதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது! கூட்டுப் பணத்தோடு ஆள் ஓடினால் யாரிடம் போய் முறையிடுவது?

மிச்சம் இருப்பது சேமிப்பு ஒன்றுதான். அது நமக்குப் புதிதல்ல. 1960-ல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். துண்டாடப்பட்டு விற்பனைக்குப் போன தோட்டங்களைப் பால்வெட்டுகிறவர்களின் அந்தப் பத்து வெள்ளிதான் வாங்கியது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் நம் கைக்கு வந்தது. பத்து வெள்ளியில் தோட்டமே வாங்கிய மக்களுக்கு, பொறுமையாக இருந்தால் ஒரு மோட்டார் வாங்க முடியாதா?

வாங்கிய பிறகு

மூன்றாம் நபர் காப்புறுதி மட்டும் எடுத்தால் வண்டி திருடு போனதற்குப் பணம் வராது. ஆகவே இரவில் வீட்டுக்கு உள்ளே ஏற்றி வையுங்கள். எக்ஸோஸ் பைப்பை மாற்றி ஊரை அலற வைக்காதீர்கள். சமன் வரும், அக்கம்பக்கத்துக் கைப்பிள்ளையும் தூங்காது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் விபத்து நேர்ந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதற்கு உங்கள் பெயரில் ஒழுங்காகச் சந்தா கட்டப்படுகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் தோட்டச் சங்கத் தலைவரிடம் உடனே சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் அம்மாமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. மோட்டாரைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கிப் போகாதீர்கள். உங்கள் மகனோ கணவரோ வண்டி வாங்கப் பணம் கேட்டால் சண்டை போடவும் வேண்டாம், சங்கிலியைக் கழற்றவும் வேண்டாம். "கிராண்டுல யாரு பேரு இருக்கு? ஜே.பி.ஜே.க்கு என்னைக்குப் போறீங்க?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் பணத்தைக் கொடுங்கள்.