வாக்கில்லாதோர்க்கும் ஓர் ஒப்பம்

வாக்குரிமை இல்லாதவருக்குப் பாராளுமன்றத்தில் குரல் ஏது? புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராது இலண்டனில் காத்திருக்கும் நம்மவர் பலரின் ஏக்கம் இது. ஆனால், பிரித்தானியப் பாராளுமன்றம் 2015இல் தொடங்கிய மனு இணையத்தளத்தில் இங்கு வதிவோரும் ஒப்பமிடலாம், குடியுரிமை கட்டாயமன்று. பெயர், மின்னஞ்சல் முகவரி, தபாற் குறியீடு போதும். ஒப்பமிட்டோர் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை. தொகுதிவாரியான எண்ணிக்கை மட்டுமே வெளியாகும். அதில் தம் தொகுதியின் மனத்தை உறுப்பினர் அறியலாம். 10,000 ஒப்பங்களுக்கு அரசு பதிலளிக்கும். 100,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும்.

எனினும் ஒப்பம் கட்டளையாகாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவைக் கைவிடுமாறு 2019இல் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். விவாதம் நடந்தது; அரசு இணங்கவில்லை. ஆதலால் ஒப்பத்தோடு நின்றுவிடாது, உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதமும் எழுதுங்கள். வாக்களிக்க இயலாதவருக்கும் அவரே பிரதிநிதி.