உங்களுக்குத் தெரியுமா? பன்றிக்குத் தீனி வைத்த தீர்த்தத் தொட்டி

இங்கிலாந்து கத்தோலிக்கத்தைக் கைவிட்டு சீர்திருத்தச் சபைக்கு மாறிய 16ஆம் நூற்றாண்டில், கோயில் சாமான்கள் பல பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இதற்கு எழுத்துச் சான்றே உண்டு. முதலாம் எலிசபெத் ராணியின் ஆணையர்கள் கேட்டதற்கிணங்க, லிங்கன்ஷயர் ஊர்களின் கோயில் பொறுப்பாளர்கள் 1566இல் பழைய பொருள்கள் என்ன ஆயின என்று கணக்குக் கொடுத்தார்கள். தீர்த்தத் தொட்டி பன்றிக்குத் தீனி வைக்கும் தொட்டியாயிற்று. பலிபீடக் கல்லை வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்டார்கள், தரையிலும் பாவினார்கள். பூசையில் ஒலித்த சிறுமணி கால்நடையின் கழுத்தில் தொங்கியது. ஒவ்வொன்றையும் ஊர்வாரியாகச் சொல்லும் அந்தக் கணக்கு 1866இல் நூலாக அச்சேறியது. படிக்கும்போது மனம் கனக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கும்பிட்ட பொருள்கள் அவை.

ஞானஸ்நானத் தொட்டிகளுக்கு அடுத்த நூற்றாண்டில் சோதனை வந்தது. 1645இல் நாடாளுமன்றம் ஏற்ற புதிய வழிபாட்டு முறை அவற்றை ஒதுக்கியது. பல தொட்டிகள் வெளியேற்றப்பட்டு, மாடு தண்ணீர் குடிக்கவும் தோட்டத்தில் செடி வைக்கவும் பயன்பட்டன. ஒரே கல்லில் குடைந்த ஆழமான தொட்டி, அடியில் நீர் வடிய ஒரு துளை. உழவர்களுக்கு இதைவிட வசதியானது கிடைக்குமா? 13ஆம் நூற்றாண்டில் மந்திரித்த நீரை யாரும் சூனியத்துக்குத் திருடாதிருக்க, அதே தொட்டிகளை மூடியிட்டுப் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள்!

சில திரும்பி வந்தன. குளோஸ்டர்ஷயரின் டீர்ஹர்ஸ்ட் கோயிலில் உள்ள, சுருள் வேலைப்பாடு நிறைந்த சாக்சன் காலத் தொட்டியை 19ஆம் நூற்றாண்டில் ஒரு பண்ணையிலிருந்துதான் மீட்டார்கள். அதன் தண்டு வேறோர் இடத்தில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து மறுபடி கோயிலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.