முறிவுக்குப் பின் முதல் மாரத்தான்

திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் விபத்துக்குள்ளாகி, அறுவைச் சிகிச்சை முடித்து வீடு திரும்புவோர் பலரும் கேட்கும் கேள்வி, "இனி ஓட முடியுமா?" என்பதே.

இதற்குத் தமிழகம் நன்கறிந்த விடை ஒன்று உண்டு. 2004இல் நேர்ந்த சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயமுற்றவர் மா. சுப்பிரமணியன். பின்னர் சென்னை மேயராகவும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற அவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியுள்ளார். ஆனால் காயம் ஆறிய மறுமாதமே அவர் ஓடத் தொடங்கவில்லை. இடையில் பல ஆண்டுகள் சென்றன. நாம் கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடியிருப்பது தொடக்கம் மட்டுமே. கால் அசைவின்றி இருந்த வாரங்களில் தொடைத்தசை மெலிந்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும். தசை தாங்க வேண்டிய சுமை அப்போது மூட்டின்மீது விழும். ஆகவே படிகள் சில உண்டு. முதலில் நொண்டாமல், வலியின்றி அரை மணி நேரம் நடக்க வேண்டும். அடுத்து, காயமுற்ற காலால் மட்டும் நின்று சமநிலை காக்கவும், படியேறி இறங்கவும் இயல வேண்டும். அதன் பின்னரே, மருத்துவரின் இசைவுடன், ஒரு நிமிட ஓட்டமும் இரு நிமிட நடையுமாகத் தொடங்கலாம். மறுநாள் காலை மூட்டு வீங்கினாலோ வலி மிகுந்தாலோ முந்தைய படிக்குத் திரும்புங்கள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். அது எச்சரிக்கையை மறைக்கும். உடலில் நீர் குறைந்திருக்கையில் சிலவகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது. விடியலுக்கு முன் ஓடுவதே நன்று. கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையைத் தவிர்த்து, மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அறப்பணிக்காக ஓடுவது நல்ல ஊக்கம். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அதன் பதிவுக் கட்டணம் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் நோயாளிகளுடன் தங்குவோருக்கான கட்டடத்துக்கென வழங்கப்பட்டது.

ஆனால் நன்கொடையாளர்களுக்கு வாக்களித்துவிட்டோமே என்று வலியுடன் ஓடுவோரும் உண்டு. அது வேண்டாம். அந்நிகழ்வில் 42 கிலோமீட்டருடன் 21, 10, 5 கிலோமீட்டர் பிரிவுகளும் இருந்தன. ஐந்து கிலோமீட்டருக்குச் செலுத்தும் கட்டணமும் அதே பணிக்கே சேர்கிறது. உடனிருக்கும் உறவினர்களே, "எப்போது ஓடப்போகிறாய்?" என்று அவசரப்படுத்தாமல், மாலையில் அவருடன் சேர்ந்து நடங்கள். இப்போதைக்கு அவருக்குத் தேவையான துணை அதுவே.