திரையில் 'புதையல் தீவு'



நாவலொன்று திரைப்படமாகும்போது கிடைப்பது என்ன, தொலைவது என்ன? இதனை ஆராய்வதற்கு உகந்த நூல்களுள் ஒன்று, தமிழில் 'புதையல் தீவு' எனக் கூறத்தக்க 'ட்ரெஷர் ஐலண்ட்'. எழுதியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் லூயி ஸ்டீவன்சன் (1850 - 1894). 1881 ஆம் ஆண்டு, தம் மனைவியின் முதல் மணத்தில் பிறந்த சிறுவனுடன் பொழுதுபோக்கும்போது உருவான ஒரு தீவின் வரைபடமே இக்கதைக்கு வித்தாயிற்று. சிறுவர் சஞ்சிகை ஒன்றில் புனைபெயரில் தொடராக வெளிவந்து, 1883 இல் நூலுருப் பெற்றது.

விடுதிக்காரரின் மகன் ஜிம் ஹோக்கின்ஸ். இறந்துபோன மாலுமி ஒருவனின் பெட்டியில் புதையல் வரைபடம் அவனுக்குக் கிடைக்கிறது. புதையலைத் தேடிப் புறப்படும் கப்பலில் சமையற்காரனாக வருபவன் லோங் ஜோன் சில்வர். உண்மையில் அவன் கடற்கொள்ளையரின் தலைவன்.

மூன்று அத்தியாயங்கள் தவிர, கதை முழுவதையும் ஜிம்மே சொல்கிறான். ஒற்றைக்கால் மாலுமி ஒருவன் அவனது கனவுகளில் வந்து பயமுறுத்துகிறான். நேரில் வரும் சில்வரோ இனிமையாகப் பேசுபவன். பின்னர் அப்பிள் பீப்பாவுக்குள் இருந்தவாறு அவனது சதியைக் கேட்கிறான் ஜிம். தன்னுடன் சேர மறுத்த மாலுமி ஒருவனைச் சில்வர் கொல்வதையும் மறைந்திருந்து காண்கிறான். ஆனால் அதே சில்வர்தான் பிறகு ஜிம்மின் உயிரையும் காக்கிறான். நாம் விரும்பும் ஒருவன் கொலைகாரனாகவும் இருக்கலாம் என்பதை ஒரு சிறுவன் உணர்வதே நாவலின் உயிர்நாடி.

திரைப்படங்கள் இதனை எவ்வாறு கையாண்டன?

மொரிஸ் டூர்னர் நெறிப்படுத்திய 1920 ஆம் ஆண்டு மௌனப்படத்தில் ஜிம்மாக நடித்தவர் ஷேர்லி மேசன் என்ற நடிகை. அப்படத்தின் பிரதி இன்று இல்லை. விக்டர் ஃபிளெமிங் 1934 இல் நெறிப்படுத்திய படத்தில் வொலஸ் பீரி சில்வராகவும், ஜாக்கி கூப்பர் ஜிம்மாகவும் தோன்றினர். இங்கு பாசமே மேலோங்குகிறது. இறுதியில் ஜிம்மே கண்கலங்கிச் சில்வரைத் தப்பவிடுகிறான். நாவலிலோ பிரியாவிடை எதுவுமில்லை. துறைமுகமொன்றில் ஜிம் கரைக்குச் சென்றிருக்கையில், பென் கன் என்பவனின் உதவியுடன் ஒரு பை நாணயங்களோடு சில்வர் நழுவிவிடுகிறான்.

1950 இல் வந்த வோல்ட் டிஸ்னியின் படம், அந்நிறுவனம் முழுமையாக நடிகர்களைக் கொண்டு தயாரித்த முதற்படமாகும். ரொபர்ட் நியூட்டன் தென்மேற்கு இங்கிலாந்தின் பேச்சு வழக்கை மிகைப்படுத்திப் பேசினார். கடற்கொள்ளையன் என்றாலே இப்படித்தான் பேசுவான் என்ற எண்ணம் பரவியதற்கு அந்நடிப்பே பெரிதும் காரணம்.

ஓர்சன் வெல்ஸ் 1972 இல் சில்வராக நடித்தார். 1990 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில் சார்ள்டன் ஹெஸ்டன், தம் மகனின் நெறியாள்கையில் அப்பாத்திரத்தை ஏற்றார். ஜிம்மாக வந்தவர் கிறிஸ்ரியன் பேல். மூலத்தைப் பெரிதும் பின்பற்றிய இப்படம், சில்வரின் கொடூரத்தை மறைக்கவில்லை. 1996 இல் கதை பொம்மைகளிடம் சென்றது. 2002 இல் கார்ட்டூனாகி விண்வெளிக்கே போயிற்று.

கடலையும் கப்பலையும் கமெரா அழகாகக் காட்டுகிறது. ஆனால் அது ஜிம்மை வெளியிலிருந்தே பார்க்கிறது. நாவலில் நாம் அவனுடைய மனத்தினுள் இருக்கிறோம். புதையல் கிடைத்த பின்பும் அத்தீவு அவனுக்குக் கெட்ட கனவாகவே நீடிக்கிறது. ஸ்டீவன்சன் சில்வரைத் தண்டிக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. தீர்ப்பை நம்மிடமே விட்டுவிட்டார். படம் பார்த்தவர்களும் நூலைப் படிக்க வேண்டும் என்பது இதனாலேயே.